பகுதி நான்கில் ஒரு பாடம் வேண்டும்: துணைவேந்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியல் நடத்துபவள். கல்லூரிகளில் எச்ஐவி விழிப்புணர்வுக்காக இயங்கும் செஞ்சுருள் சங்கத்தின் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. கேட்டு வாங்கிய பொறுப்பு இல்லை. விலங்கியல் துறையில் இருந்தால் தானாக வந்து சேர்ந்துவிடும். சுற்றி வளைக்காமல் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். இளநிலை முதலாண்டில் சேரும் எல்லா மாணவர்களுக்கும், வணிகவியலோ வரலாறோ கணினியோ எதுவாக இருந்தாலும், பாலியல் நலமும் இனப்பெருக்க நலமும் ஒரு செமஸ்டர் பாடமாக வேண்டும். முதன்மைப் பாடம் அல்லாத பொதுப் பாடங்கள் வரும் பகுதி நான்கில், இரண்டு கிரெடிட்டுடன், கால அட்டவணையில் மணி ஒதுக்கி, பையன்களும் பெண்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிற பாடமாக.

"அதுதான் டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் நாள் நடத்துகிறோமே" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். ஆமாம், நடத்துகிறோம். காலையில் பேரணி, கல்லூரி முதல்வர் கொடியசைப்பார். மைதானத்தில் மாணவர்களைச் செஞ்சுருள் வடிவத்தில் நிற்க வைத்து மாடியிலிருந்து படம் எடுப்போம். ஜியோடேக் விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம், ஏனென்றால் நாக் தரமதிப்பீட்டுக் கோப்புக்கு அது வேண்டும். பிறகு கருத்தரங்க அறையில் குத்துவிளக்கு, பொன்னாடை, ஒரு மணி நேரப் பேச்சு. கேள்வி கேட்க ஐந்து நிமிடம் கொடுத்தால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். நானூறு பேர் நடுவில், முன்வரிசையில் துறைத்தலைவர்கள் உட்கார்ந்திருக்க, ஆணுறை பற்றி எழுந்து கேட்கும் தைரியம் எனக்கே அந்த வயதில் இருந்திருக்காது. "சந்தேகம் எதுவும் இல்லை, அனைவரும் தெளிவடைந்தனர்" என்று அறிக்கை எழுதுவேன். கோப்பு மூடப்படும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. "மாணவிகள் மட்டும் ஆடிட்டோரியத்துக்கு வரவும்" என்று சுற்றறிக்கை வரும். பெண் மருத்துவர் ஒருவர் வந்து சுத்தம், சத்துணவு, ரத்தசோகை பற்றிப் பேசுவார். நாப்கின் கம்பெனி இலவசப் பொட்டலம் கொடுக்கும். அந்த ஒரு மணி நேரமும் பையன்கள் கிரவுண்டில் கிரிக்கெட் ஆடுவார்கள். பெண்ணின் உடம்பு பெண்ணின் பிரச்சினை, ஆணின் உடம்பு பிரச்சினையே இல்லை என்று இரண்டு தரப்புக்கும் ஒரே நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.

பாடத்திட்டத்தில் இது சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அடுத்து, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி எல்லா இளநிலைப் பட்டங்களுக்கும் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கியது நினைவிருக்கும். அந்தப் பாடத்திட்டத்தின் ஏழாவது அலகை எடுத்துப் பாருங்கள்: மக்கள்தொகையும் சுற்றுச்சூழலும். அதில் மக்கள்தொகைப் பெருக்கம், குடும்ப நலத் திட்டம், மனித உரிமைகள், விழுமியக் கல்வி என்று வரிசையாகப் போய், அடுத்ததாக எச்ஐவி, அதற்கும் அடுத்ததாகப் பெண்கள் குழந்தைகள் நலன். ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கச் சுமக்கப்போகும் உடம்பைப் பற்றிய கல்வி, மக்கள்தொகைப் பெருக்கத்துக்குக் கீழே ஒரு காற்புள்ளிக்கும் இன்னொரு காற்புள்ளிக்கும் நடுவில் கிடக்கிறது. செமஸ்டர் கடைசி வாரத்தில், ஹால் டிக்கெட் கொடுக்கிற அவசரத்தில், அந்த அலகு 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' கணக்கில் போய்விடும்.

பள்ளியிலேயே படித்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்ற பதிலும் எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் 'இனப்பெருக்க நலன்' என்று தனிப் பாடமே இருக்கிறது. நல்ல பாடம்தான். ஆனால் அது உயிரியல் எடுத்தவர்களுக்கு மட்டும். வணிகவியல் குரூப், கணினி குரூப், தொழிற்கல்வி குரூப் படித்தவர்கள் அந்தப் பக்கத்தைத் தொட்டதே இல்லை. தொட்டவர்களைக் கேட்டால், "மிஸ் அந்தப் பாடத்தை வீட்டில் படிக்கச் சொல்லிட்டாங்க" என்கிறார்கள். 2007 வாக்கில் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை எதிர்த்துப் பல மாநிலங்கள் கொடி பிடித்தன. 2009-ல் மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளிகளில் இது வேண்டாம் என்றது. பள்ளியில் கொடுக்க மாட்டோம், வீட்டில் பேச மாட்டோம் என்றால் மிச்சமிருப்பது கல்லூரிதான். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் அது 47 விழுக்காடு. அதாவது 18 முதல் 23 வயதுக்குள் இருப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதி அளவுக்கு உங்கள் வகுப்பறைகளில் ஆள் இருக்கிறது. இப்படி ஒரு வாய்ப்பு வேறு எந்தத் துறைக்கும் கிடைக்காது, சுகாதாரத் துறைக்குக்கூட.

சரி, அவர்களுக்கு என்னதான் தெரியவில்லை? எங்கள் சங்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். பெயர் எழுதாமல் கேள்வியை மடித்துப் போடலாம். அதில் வருகிறவற்றைப் படித்தால் உங்களுக்கும் தூக்கம் வராது. கைப்பழக்கம் இருந்தால் குழந்தை பிறக்காதா? முதல் தடவை ரத்தம் வராவிட்டால் அவள் ஏற்கெனவே கெட்டுப்போனவளா? பப்பாளிக்காய் சாப்பிட்டால் கரு கலையுமா? மாதவிலக்கு நாளில் ஊறுகாயைத் தொட்டால் கெட்டுப்போகும் என்கிறார் பாட்டி, அறிவியல் காரணம் என்ன? முத்தம் கொடுத்தால் எய்ட்ஸ் வருமா? எனக்குப் பெண்களைப் பார்த்தால் எதுவும் தோன்றவில்லை, நண்பனைப் பார்த்தால்தான் தோன்றுகிறது, இது சரியாகிவிடுமா? இவற்றைக் கேட்பவர்கள் முட்டாள்கள் இல்லை. இதே பிள்ளைகள் பைத்தானில் புரோகிராம் எழுதுகிறார்கள், ஜிஎஸ்டி கணக்குப் போடுகிறார்கள்.

பையன்களிடமிருந்து தொடங்குகிறேன், யாரும் அவர்களிடமிருந்து தொடங்குவதில்லை என்பதால். எந்தப் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரையும் பாருங்கள். நரம்புத் தளர்ச்சி, சொப்பன ஸ்கலிதம், 'சிறுவயதில் செய்த தவறுகள்' என்று சுவரொட்டி இருக்கும். இந்தத் தேதியில் இந்த ஊர் லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம் என்று கீழே எழுதியிருக்கும். இப்போது அதே சரக்கு ரீல்ஸ் வடிவத்தில் போனுக்கே வந்துவிடுகிறது. ஒரு துளி விந்து அறுபது துளி ரத்தத்துக்குச் சமம் என்று நம்பி, இரவில் தானாக வெளியேறுவதை நோய் என்று பயந்து, தூக்கம் கெட்டு, உடம்பு மெலிந்து, படிப்பும் போய் நிற்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். மனநல மருத்துவத்தில் இந்தப் பயத்துக்கே 'தாத் நோய்க்குறி' என்று பெயர் உண்டு; 1960-ல் மருத்துவர் என்.என். விக் வைத்த பெயர். நோய் விந்தில் இல்லை, பயத்தில் இருக்கிறது. இதைச் சொல்ல வகுப்பில் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நாம் கொடுக்காததால் லாட்ஜ்காரர் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு லேகியம் கொடுக்கிறார். இத்தனைக்கும் ஆண்மைக்குறைவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம்.

விதைப்பையில் திடீரென்று கடுமையான வலி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பையனுக்கும் தெரியாது. விரை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோவது இந்த வயதில் வரக்கூடிய அவசரம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நேரம் போகப்போக விரையையே எடுத்துவிட வேண்டியதுதான். விடுதியில் நள்ளிரவில் வலி வருகிற பையன் வார்டனை எழுப்பி என்னவென்று சொல்வான்? விடியட்டும் என்று சுருண்டு படுத்துவிடுவான். மாரடைப்பு வந்தால் என்ன செய்வது என்று முதலுதவிப் பயிற்சி கொடுக்கிறோம், நல்லது. பதினெட்டு வயதுப் பையனுக்கு மாரடைப்பைவிட இது பக்கத்தில் இருக்கிறது.

முகம் தெரியாத பெண்ணிடமிருந்து வீடியோ கால் வந்து, அதைப் பதிவுசெய்து மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஸ்காலர்ஷிப் பணத்தை அனுப்பிவிட்டு வாய்மூடி இருக்கிறவர்கள் உண்டு. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் முதல் தவணையோடு நின்றிருக்கும்.

பெண்கள் பக்கம் வேறு மாதிரியான இருட்டு. ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம், சபரிமலைக்கு அப்பா மாலை போட்டிருக்கிறார் என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குகிறார்கள். வீட்டுப் பெரியவர்களே வாங்கிக் கொடுப்பதும் உண்டு. நோரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன் அது. ரத்தம் உறையும் சிக்கல் உள்ளவர்களுக்கு ஆபத்தானது, மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. அதைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் அதே கடையில் அவசரக் கருத்தடை மாத்திரையைக் கேட்டுப் பாருங்கள். "அது வர்றதில்லைம்மா" என்பார்கள். லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற அந்த மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று 2005-லேயே நாட்டில் அனுமதி வந்தது. தேசியக் குடும்ப நலத் திட்டத்தின் பட்டியலிலும் அது இருக்கிறது. தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் மட்டும் பல ஆண்டுகளாகக் கண்ணில் படுவதில்லை. பெங்களூர் போய்வரும் தோழி வாங்கி வந்தால் உண்டு. அது கருவைக் கலைக்கும் மாத்திரை என்ற எண்ணம் படித்தவர்களிடமே இருக்கிறது. கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. ஏற்கெனவே கரு தங்கிவிட்டால் அது ஒன்றும் செய்யாது. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அதுவும் கிடைக்காமல் நாள் தள்ளிப்போனால்? எள், கருஞ்சீரகம், அன்னாசி என்று பாட்டி காலத்துப் பட்டியலில் ஆரம்பித்து, யாரோ வாங்கிக் கொடுத்த கருக்கலைப்பு மாத்திரையில் முடிகிறது. அந்த மாத்திரைகள் நல்ல மருந்துகள்தான். 9 வாரம் வரை மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் கரு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டி உயிர் போகலாம். விடுதி அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மாத்திரை விழுங்குகிறவளுக்கு இது எப்படித் தெரியும்? கல்யாணம் ஆகாதவள் என்றால் போலீஸ் வரும், அப்பாவைக் கூப்பிடுவார்கள் என்ற பயத்தில்தான் அவள் அரசு மருத்துவமனைப் பக்கமே போவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் திருத்தம் செய்து, கருத்தடை தோற்றுப்போன நிலைமையைச் சொல்லும் பகுதியில் 'திருமணமான பெண், அவருடைய கணவர்' என்று இருந்ததை 'பெண், அவருடைய துணைவர்' என்று மாற்றிவிட்டார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரையான பிரிவிலும் திருமணமாகாத பெண்ணை ஒதுக்கி வைக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. 18 வயது முடிந்தவளுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். அப்பா கையெழுத்தையோ கணவர் கையெழுத்தையோ சட்டம் கேட்கவில்லை. அவள் யார் என்பதை வெளியில் சொல்வதும் குற்றம். கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பெண்ணுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பாடத்தில் வருகிறது. இது வருவதில்லை.

சட்டம் என்றவுடன் இன்னொன்று. இதைத்தான் நான் மிகவும் பயந்துகொண்டு எழுதுகிறேன். முதலாண்டு வகுப்பில் பாதிப்பேருக்கு இன்னும் பதினேழு வயதுதான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கண்ணில் 18 வயது நிறையாதவரின் சம்மதம் சம்மதமே இல்லை. பத்தொன்பது வயதுப் பையனும் பதினேழு வயதுப் பெண்ணும் மனமொத்து உடலுறவு கொண்டால்கூட, 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பையனுக்குக் குறைந்தபட்சத் தண்டனை பத்து ஆண்டு. காதலித்து ஓடிப்போன ஜோடிகளின் வழக்குகளைப் பார்த்துப் பார்த்துச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகளே இந்த நிலைமையைப் பற்றிப் பலமுறை கவலை தெரிவித்திருக்கிறார்கள். 2021-ல் அப்படி ஒரு வழக்கை ரத்தும் செய்தார்கள். சட்டம் சரியா தவறா என்பது வேறு விவாதம், அதில் எனக்கும் கருத்து உண்டு. ஆனால் பத்து ஆண்டுச் சிறையைத் தரக்கூடிய ஒரு சட்டம் இருக்கிறது என்பதை அந்தச் சட்டத்துக்குள் நிற்கிற பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லாமல் இருப்பது எந்த விதத்தில் ஒழுக்கம்?

சம்மதம் பற்றியும் பேசத்தான் வேண்டும். வேண்டாம் என்று சொன்ன பெண்ணைப் பின்தொடர்ந்துகொண்டே இருந்தால் ஒருநாள் சரி என்பாள் என்று நம் சினிமா பல தலைமுறைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டது. அதற்கு எதிர்ப்பாடமாக நம்மிடம் இருப்பது, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவின் பெயர்ப்பலகை ஒன்றுதான். அதுவும் அலுவலகப் படிக்கட்டுக்குப் பின்னால்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் ஆதங்கமே. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடைக்காக எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணமாகச் சொன்னபோது அவர் பெண்ணின் விடுதலையைக் காரணமாகச் சொன்னார். பிற்பாடு மனநல மருத்துவர் மாத்ருபூதம் தனியார் தொலைக்காட்சியில் இரவு நேரத்தில் பாலியல் கேள்விகளுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னதை, வீட்டுப் பெரியவர்கள் தூங்கிய பிறகு ஒலியைக் குறைத்து வைத்துப் பார்த்த தலைமுறை என்னுடையது. உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள், ஒப்புக்கொள்ள வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா தன் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடியபோது, பேராசிரியர் சுனிதி சாலமன் எச்ஐவியைத் தேடிப் பார்க்கச் சொன்னார். அந்த நோய் மேற்கத்திய நாடுகளோடு சரி, நம் ஒழுக்கமான நாட்டில் வராது என்று எல்லோரும் அடித்துச் சொன்ன காலம். நிர்மலா பாலியல் தொழில் செய்த பெண்களைத் தேடிப் போய் ரத்த மாதிரி எடுத்தார். தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, ரயிலில் வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். இந்தியாவில் எச்ஐவி இருப்பது அப்படித்தான் முதலில் தெரிய வந்தது. கண்டுபிடித்தது ஒரு மாணவி. அனுப்பி வைத்தது ஒரு பேராசிரியர். நம் பல்கலைக்கழக வரலாற்றில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய இந்தக் கதை, செஞ்சுருள் வடிவத்தில் நிற்கிற மாணவர்களுக்குத் தெரியாது. ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாடு முழுக்க 15 முதல் 49 வயதுள்ளவர்களில் எச்ஐவி பற்றி முழுமையான அறிவு உள்ளவர்கள் பெண்களில் 21.6 விழுக்காடு, ஆண்களில் 30.7 விழுக்காடு. முப்பதாண்டுப் பேரணிகளுக்குப் பிறகு இந்த நிலைமை.

சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்களே? வரட்டும், பதில் இருக்கிறது. உலக நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி யுனெஸ்கோ 2018-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல், இந்தக் கல்வியால் பிள்ளைகள் முன்கூட்டியே உறவில் இறங்குவதில்லை என்கிறது. பல இடங்களில் தாமதமாகத்தான் தொடங்குகிறார்கள், தொடங்கும்போது பாதுகாப்போடு தொடங்குகிறார்கள். ஆனால் என் அனுபவத்தில் பெற்றோர் அவ்வளவு எதிர்ப்பவர்கள் இல்லை. தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் இரண்டாவது பிரசவத்தோடு அம்மாவுக்கு ஆபரேஷன் என்பதோடு முடிந்துவிட்டது. காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, லக்னோ ஆய்வகத்தில் கண்டுபிடித்த வார மாத்திரை சாயா என்று அரசே இலவசமாகக் கொடுக்கும் எதுவும் அந்த அம்மாக்களுக்கு விளக்கமாகச் சொல்லப்பட்டதில்லை. "எங்களுக்குத்தான் யாரும் சொல்லல, இவளுக்காவது சொல்லுங்க டீச்சர்" என்று காதோடு சொல்லிவிட்டுப் போன அம்மாக்களை எனக்குத் தெரியும். எதிர்ப்பு வரும் என்று நாம் கற்பனை செய்துகொண்டு பயப்படுவதுதான் அதிகம்.

யார் நடத்துவது என்பது நியாயமான கேள்வி. எங்களில் பலருக்குக் கூச்சம் உண்டு, தெரியாததும் நிறைய உண்டு. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரே பால் இணையர் தொடர்பான வழக்கில் உத்தரவு சொன்னார். அதற்கு முன்பு, தனக்கு இது புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரே பால் ஈர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அதைத் தொடர்ந்து மருத்துவப் பாடத்திட்டத்தில் இருந்த தவறான பகுதிகளும் திருத்தப்பட்டன. நீதிபதிக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் பேராசிரியர்களுக்கு ஏன்? புத்தொளிப் பயிற்சி என்று எங்களை வருஷா வருஷம் எதற்கெல்லாமோ அனுப்புகிறீர்கள். ஒருமுறை இதற்கு அனுப்புங்கள். விலங்கியல், மனையியல், சமூகப்பணி, உளவியல் துறைகளில் கல்லூரிக்கு இரண்டு பேர், ஓர் ஆண் ஒரு பெண், கிடைத்தால் போதும்.

மீதிக்கு ஆட்கள் ஏற்கெனவே அரசுச் சம்பளத்தில் இருக்கிறார்கள். எச்ஐவிக்கு ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் இருக்கிறார். ஆணுறையை எப்படிப் பயன்படுத்துவது என்று மர மாதிரியை வைத்துக் காட்டிப் பழகியவர். காலாவதித் தேதி பார்ப்பது, உறையைப் பல்லால் கிழிக்காமல் இருப்பது, தேங்காய் எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் இற்றுப்போகும் என்பது, இவையெல்லாம் அவருக்கு அன்றாட வேலை. பாலியல் தொற்றுகளுக்குச் சுகவாழ்வு மையம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் சமூக மருத்துவத் துறை இருக்கிறது, அங்கே பயிற்சி மருத்துவர்கள் இருக்கிறார்கள். மாணவர்களைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர்கள் என்பதால் பிள்ளைகள் அவர்களிடம் சட்டென்று பேசுவார்கள். பாதுகாப்பற்ற தொடர்பு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் எச்ஐவி தடுப்பு மருந்து தொடங்கலாம் என்பதை இவர்கள் வாயால் கேட்டால் நம்புவார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி தடுப்பூசியை 26 வயது வரை போட்டுக்கொள்ளலாம் என்பதும், 2023 தொடக்கத்திலிருந்து இந்தியத் தயாரிப்பே இருக்கிறது என்பதும் அப்படித்தான். சேலம் மாணவருக்குச் சேலத்து ஆட்கள், தென்காசி மாணவருக்குத் தென்காசி ஆட்கள். சென்னையிலிருந்து யாரும் பொன்னாடை வாங்க வர வேண்டாம்.

பாடத்தைத் தமிழில் எழுதுங்கள், அல்லது தமிழிலும் எழுதுங்கள். வகுப்புக்கு அறுபது பேருக்கு மேல் வேண்டாம். வருகைப்பதிவு இருக்கட்டும், ஆனால் யார் என்ன கேட்டார்கள் என்று எங்கும் பதிவாகக் கூடாது. செமஸ்டர் தேர்வில் 'வரையறு', 'வேறுபடுத்துக' கேட்டுப் பாழாக்கிவிடாதீர்கள். இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு: ஒவ்வொரு மாணவரும் தன் ஊருக்குப் பக்கத்தில் உள்ள நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது, உள்ளே போனால் முதலில் யாரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்பார்கள் என்று நேரில் போய் அறிந்து ஒரு பக்கம் எழுதி வரட்டும். ஒருமுறை சும்மா போய் வந்தவன், தேவைப்படும் நாளில் தயங்காமல் போவான். வேறொரு பயிற்சிக்கு, குடும்ப வாட்ஸாப்பில் வந்த ஒரு கட்டுக்கதையை எடுத்து அது ஏன் தவறு என்று பாட்டிக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொல்லலாம். இதில் நல்ல எழுத்தாளர்கள்கூடக் கிடைப்பார்கள்.

இன்னும் இரண்டு வார்த்தை, இடம் இல்லாவிட்டாலும். எச்ஐவி உள்ள மாணவரைக் கல்வி நிலையத்தில் பாகுபடுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது விடுதி அறைக்கும் பொருந்தும் என்று உங்கள் இணைப்புக் கல்லூரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நல்லது. பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வராத கல்லூரியில் இந்தப் பாடத்தை எவ்வளவு நன்றாக நடத்தினாலும், மூன்றாவது பீரியடிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டுச் சிறுநீர்த் தொற்றோடு வீட்டுக்குப் போகிறவளுக்குப் பாடம் பாதிதான். அதற்குப் பாடத்திட்டக் குழு தேவையில்லை, பிளம்பர் போதும்.

வரும் கல்வியாண்டுக்கான பாடத்திட்டக் குழுக் கூட்டங்களில் இதைப் பொருள்நிரலில் சேர்க்க வேண்டுகிறேன். எடுத்த எடுப்பில் எல்லாக் கல்லூரிகளிலும் தொடங்க முடியாது என்றால், ஒரு பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளில் பத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு செமஸ்டர் நடத்திப் பார்க்கட்டும். அதில் குறைந்தது மூன்று கிராமப்புறக் கல்லூரிகளாக இருக்கட்டும், மாநகரத்துத் தன்னாட்சிக் கல்லூரிகளில் மட்டும் சோதித்துவிட்டு 'வெற்றி' என்று அறிவிக்க வேண்டாம். ஐந்து அலகுகளுக்கான வரைவும், அட்டைப்பெட்டிக் கேள்விகளில் அடையாளம் எதுவும் இல்லாதவற்றின் தொகுப்பும் என்னிடம் தயாராக இருக்கின்றன. கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு வருகிறேன். பயணப்படி கேட்க மாட்டேன். ஆன் டியூட்டி மட்டும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செஞ்சுருள் சங்கப் பொறுப்பில் இருக்கும் ஒரு விலங்கியல் ஆசிரியை